பெட்டியில் 26,000 டிபிஐ, கையில் என்ன? ஒரு கேமிங் மௌஸ் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்: சென்சார் அருமை, எடை அருமை, வடிவம் பாதிப் பேருக்குத்தான் ஒத்துவரும், பட்டன்கள் நன்றாக இருக்கின்றன, வீல் மட்டம், மென்பொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோபம்தான் வருகிறது.

மாடல் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு முழுக்க அந்தக் கம்பெனியைப் பற்றிய சண்டையாகிவிடும், மௌஸைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள். தவிர, இதிலுள்ள குறைகளில் பெரும்பாலானவை இதே வகையில் வருகிற மற்ற மௌஸ்களிலும் உண்டு. வயர்லெஸ், அறுபது கிராமுக்குப் பக்கத்தில் எடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்த உடல், அசைவைக் கண்டுபிடிக்க பிக்ஸ்ஆர்ட் கம்பெனியின் 3395 சென்சார். அடையாளத்துக்கு இது போதும். இதைச் செய்தவர்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், எந்த இடத்தில் ஏதோ ஒரு நம்பரைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எனக்கு சுவாரசியமாக இருந்தது, அதனால் விமர்சனமும் அந்த வழியிலேயே போகும்.

பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 26,000 டிபிஐ என்று போட்டிருக்கிறது. கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்கள். மௌஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் 26,000 எண்ணிக்கை கம்ப்யூட்டருக்குப் போகிறது, ஓர் எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல் என்று வைத்தால் 1920 பிக்சல் அகலமுள்ள திரையைக் கடக்க மௌஸை 2 மில்லிமீட்டர்கூட நகர்த்த வேண்டாம். இதை வைத்துக்கொண்டு யார் குறி பார்ப்பது? துப்பாக்கி விளையாட்டுகளில் போட்டி அளவில் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் 400, 800, மிஞ்சிப்போனால் 1600 என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதே பெட்டியில் 650 ஐபிஎஸ் என்றும் இருக்கிறது, அதாவது நொடிக்கு 650 அங்குலம் வரை சென்சார் பிடி விடாது. மாற்றிப் பார்த்தால் மணிக்கு 59 கிலோமீட்டர் வருகிறது. அந்த வேகத்தில் மேஜை மேல் கையை வீசினால் மௌஸைத் தேட பக்கத்து அறைக்குப் போக வேண்டியிருக்கும்.

சென்சாரைக் குறைசொல்லவில்லை, அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. அடியில் இருப்பது ஒரு சின்ன கேமராதான். ஒளியைப் பரப்பி, மௌஸ்பேடின் மேற்பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. ஒரு காலத்தில் இது பெரிய தலைவலியாக இருந்தது. லேசர் சென்சார்கள் வந்த சமயத்தில், துணி பேடில் வைத்தால் அது துணியின் இழைகளுக்கு உள்ளேயும் பார்த்துக் குழம்பும், மெதுவாக நகர்த்தினால் ஒரு தூரம், அதே தூரத்தை வேகமாக நகர்த்தினால் வேறு தூரம் என்று காட்டும். கை பழகவே பழகாது. 2014இல் லாஜிடெக் ஜி502 மௌஸில் பிக்ஸ்ஆர்ட் 3366 வந்தது, அப்புறம் அதன் உறவுக்காரச் சென்சாரான 3360 மற்ற கம்பெனிகளுக்கும் கிடைத்தது, அத்தோடு இந்தப் பிரச்சினை அநேகமாக முடிந்துபோனது. இன்றைக்குப் புதிதாக மௌஸ் செய்யப் போகிறவர் நல்ல சென்சாரைக் கடையில் வாங்கி வைத்துவிடலாம். அதனால் பெட்டியில் அந்த நம்பரை எவ்வளவு பெரிதாகப் போடுகிறார்களோ, அவ்வளவுக்குச் சொல்ல வேறு விஷயம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யோசிக்க வேண்டியது சென்சாரை எங்கே வைப்பது, எப்படிச் சரிக்கட்டுவது என்பது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. மணிக்கட்டை அச்சாக வைத்து மௌஸைத் திருப்பும்போது, சென்சார் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு பெரிய வளைவை அது வரைகிறது. அதாவது ஒரே டிபிஐ, ஒரே விளையாட்டு அமைப்பு, ஆனால் வேறு மௌஸ் என்றால் கர்சர் கூடவோ குறையவோ திரும்பும். இந்த மௌஸில் சென்சார் நடுவை விடச் சற்று முன்னால் தள்ளி இருக்கிறது. மணிக்கட்டை வைத்து ஆடுகிறவர்களுக்குச் சுறுசுறுப்பாகத் தெரியும், முழங்கையால் நகர்த்துகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. அது குறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழைய மௌஸிலிருந்து மாறுகிறவர்கள் முதலில் தடுமாறுவார்கள்.

டிபிஐ துல்லியம் இன்னொன்று. 800 என்று வைத்தால் உண்மையில் 800தான் வருகிறதா? அளவுகோலை வைத்து மெதுவாக நகர்த்தி எண்ணிப் பார்த்தால் பல மௌஸ்கள் சில சதவீதம் தள்ளிப் போகும், பேடைப் பொறுத்தும் மாறும். இதில் 50, 50ஆக டிபிஐயை ஏற்றி இறக்க முடிகிறது, அதனால் சரிசெய்துகொள்ளலாம். லிஃப்ட் ஆஃப் டிஸ்டன்ஸ், அதாவது மௌஸைத் தூக்கினால் எந்த உயரத்தில் சென்சார் கண்ணை மூட வேண்டும் என்பதற்கு 1 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் என்று இரண்டே தேர்வு. குறைந்த சென்சிட்டிவிட்டியில், அதாவது மௌஸை நிறைய நகர்த்தினால்தான் குறி கொஞ்சம் நகரும்படி வைத்து ஆடுகிறவர்கள் ஒரு சுற்றில் எத்தனையோ தடவை மௌஸைத் தூக்கி வைப்பார்கள், அவர்களுக்கு 1 மில்லிமீட்டர் போதும், இங்கே அது ஒழுங்காக வேலை செய்கிறது.

அடுத்து 8000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட். சாதாரண மௌஸ் நொடிக்கு 125 தடவை தன் நிலையைச் சொல்லும், கேமிங் மௌஸ் 1000 தடவை, இது 8000 தடவை. இடைவெளி 1 மில்லிசெகண்டிலிருந்து 0.125 மில்லிசெகண்டாகக் குறைகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்ல ஏதாவது விஷயம் இருந்தால்தானே மௌஸ் சொல்லும்? 800 டிபிஐயில் நொடிக்கு 8000 எண்ணிக்கை வர வேண்டும் என்றால் கை நொடிக்கு 10 அங்குல வேகத்தில் போக வேண்டும். எதிரியின் தலையை மெல்லத் தொடரும்போது யாரும் அந்த வேகத்தில் போவதில்லை, அந்த நேரத்தில் பெரும்பாலான செய்திகள் காலியாகத்தான் இருக்கும். 1600 டிபிஐ வைத்தால் 5 அங்குலம் போதும், அப்போது கொஞ்சம் அர்த்தம் வருகிறது. மறுபக்கம், 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமே, அதாவது திரையில் வரும் ஒரு படமே, கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்ட். அதில் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவாக மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்? 360 ஹெர்ட்ஸ் திரையும் அதற்கேற்ற ப்ராசஸரும் வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம். பழைய ப்ராசஸரில் போட்டால் சில விளையாட்டுகள் திக்கித் திக்கி ஓடும். பேட்டரியும் சரசரவென்று இறங்கும். பெயர் சொல்லியே ஓர் உதாரணம் தருகிறேன்: ரேசர் வைப்பர் வி3 ப்ரோவுக்கு அந்தக் கம்பெனியே 1000 ஹெர்ட்ஸில் 95 மணி நேரம், 8000 ஹெர்ட்ஸில் 17 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. நான் இதை 1000இல் வைத்துவிட்டு மறந்துவிட்டேன்.

இப்போது வடிவம். மௌஸ் செய்வதில் கஷ்டமான பகுதி இதுதான், இதைக் காசு கொடுத்துக் கடையில் வாங்க முடியாது. கை ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. பிடிக்கும் விதமும் அப்படித்தான்: உள்ளங்கை முழுவதையும் மேலே படுக்க வைக்கிற பாம் கிரிப், விரல்களை மடக்கி உள்ளங்கையின் அடிப்பகுதியை மட்டும் பின்னால் ஒட்டுகிற கிளா கிரிப், உள்ளங்கை படாமல் விரல்நுனியால் மட்டும் பிடிக்கிற ஃபிங்கர்டிப் கிரிப். முதல் வகைக்கு நீளமும் உயரமான முதுகும் வேண்டும், இரண்டாவதுக்கு முதுகின் மேடு பின்பக்கம் தள்ளி இருக்க வேண்டும், மூன்றாவதுக்கு மௌஸ் குட்டையாக, தட்டையாக இருந்தால்தான் விரல்கள் மடங்கி நீள இடம் கிடைக்கும். மூன்றையும் ஒரே மௌஸில் திருப்திப்படுத்த முடியாது. ஆனால் இந்த மௌஸின் பெட்டி "எல்லா கிரிப்புக்கும் ஏற்றது" என்கிறது.

ஏற்றது இல்லை. மேடு சரியாக நடுவில் இருக்கிறது. என் கை நடுத்தரம், கிளா கிரிப். உள்ளங்கை ஒட்ட வேண்டிய இடத்தில் மௌஸ் சரிந்து இறங்கிவிடுகிறது, அதனால் நீண்ட நேரம் ஆடினால் மோதிர விரலும் சுண்டு விரலும்தான் பிடியைத் தாங்குகின்றன, அவைதான் முதலில் வலிக்கின்றன. பக்கச் சுவர்கள் மேலிருந்து கீழே உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் மௌஸைத் தூக்க விரலுக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும், இங்கே அந்தச் சாய்வு முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது, பின்னால் நேராக இறங்கிவிடுகிறது. நீளமான கைக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன், பாம் கிரிப்பில் வைத்துக்கொண்டு திருப்பித் தர மனமில்லாமல் தந்தார். ஆக இது பெரிய கைக்குச் செய்த மௌஸ். அதை அப்படியே சொல்லி விற்றிருக்கலாம்.

வடிவத்தில் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும் என்றால், பிளாஸ்டிக் உடலை வார்க்கிற எஃகு அச்சு ஒரு தடவை வெட்டிவிட்டால் அதை மாற்றுவது பெரிய செலவு. சென்சாரையும் ஸ்விட்சையும் அடுத்த தயாரிப்பில் மாற்றலாம், மௌஸுக்குள் ஓடுகிற ஃபர்ம்வேர் என்கிற நிரலை நாளைக்கே மாற்றலாம், முதுகை மாற்ற முடியாது. அதனால்தான் விவரமானவர்கள் அச்சு வெட்டுவதற்கு முன் 3டி பிரிண்டரில் மாதிரிகளை அச்சிட்டு, சின்னக் கை, பெரிய கை, வியர்க்கிற கை என்று பலரிடம் கொடுத்து, ஓரிரு மணி நேரமாவது ஆட விட்டுப் பார்க்கிறார்கள். ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தால் எல்லா மௌஸும் நன்றாகத்தான் இருக்கும். வெற்றி பெற்ற வடிவங்கள் சாவதில்லை என்பதையும் பாருங்கள்: மைக்ரோசாஃப்ட் இன்டெலிமௌஸ் எக்ஸ்ப்ளோரர் 3.0 எப்போதோ வந்தது, அதன் வலக்கை வளைவை இன்றைக்கும் ஸோவி கம்பெனியின் ஈசி மௌஸ் வரிசையில் பார்க்கலாம். லாஜிடெக் தன் பழைய எம்எக்ஸ்518 உடலுக்குள் புதிய சென்சாரை வைத்து 2019இல் மறுபடி விற்றது.

இடக்கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உடல் இரு பக்கமும் ஒரே மாதிரி, பக்க பட்டன்கள் இடப்பக்கம் மட்டும். உங்களுக்கு இது பாதி மௌஸ்.

எடையில் பாராட்ட வேண்டும். இந்த விஷயத்தில் உலகமே தலைகீழாக மாறியிருக்கிறது. முன்னே சொன்ன ஜி502 முதலில் வந்தபோது 121 கிராம், அது போதாதென்று கூட்டிக்கொள்ள 3.6 கிராம் எடைத் துண்டுகள் ஐந்து பெட்டியோடு கொடுத்தார்கள்! அப்புறம் உடம்பெல்லாம் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட மௌஸ்கள் வந்தன, 2019இல் வந்த குளோரியஸ் மாடல் ஓ 67 கிராம். ஓட்டை வழியே தூசி போகும், வியர்வை போகும், சிலருக்கு விரலில் உறுத்தும். 2020இல் லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் ஓட்டையே இல்லாமல், பேட்டரியோடு 63 கிராமுக்குள் வந்தது. ஓட்டை போடத் தேவையில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. சுவரை மெல்லியதாக்கி, உள்ளே தேவையான இடத்தில் மட்டும் முட்டுக் கொடுத்தால் போதும். இந்த மௌஸும் அந்த வழிதான். பக்கங்களை அழுத்திப் பார்த்தேன், கிறீச் சத்தம் இல்லை, பக்க பட்டன் தானாக அழுந்தவில்லை. அடிப்பாகத்தை நடுவில் பலமாக அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்குகிறது, ஆனால் யார் அப்படி அழுத்துவார்கள்?

மொத்த எடையை விட எடை எங்கே இருக்கிறது என்பதுதான் கைக்குத் தெரியும். பேட்டரிதான் உள்ளே இருப்பதில் கனமான பொருள்களில் ஒன்று, அதைப் பின்னால் வைத்தால் தூக்கும்போது வால் தொங்கும். இதில் பேட்டரியைச் சென்சாருக்கு மேலேயே நடுவில் வைத்திருக்கிறார்கள். இரண்டு விரலால் தூக்கினால் மட்டமாக நிற்கிறது. இதை யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

பட்டன்களில் ஆப்டிகல் ஸ்விட்ச். இதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை பதிவாகிற அந்த டபுள் கிளிக் வியாதியால் எத்தனையோ நல்ல மௌஸ்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன. மெக்கானிக்கல் ஸ்விட்சில் உலோகத் தகடு இன்னோர் உலோகப் புள்ளியில் மோதுகிறது. மோதும்போது ஒரு கண நேரம் துள்ளும், அந்தத் துள்ளலைப் பல கிளிக்குகளாக எண்ணிவிடாமல் இருக்க ஃபர்ம்வேர் சில மில்லிசெகண்ட் பொறுத்திருக்கும், அதைத்தான் டிபவுன்ஸ் என்கிறார்கள். அந்த நேரத்தைக் கூட்டினால் மௌஸ் மந்தமாகும், குறைத்தால் டபுள் கிளிக் சீக்கிரம் வரும். நாளாக ஆகத் தொடுபுள்ளியில் ஆக்சைடு படியும், தகடு தளரும். வயர்லெஸ் மௌஸ்களில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஸ்விட்ச் வழியே ரொம்பக் குறைந்த மின்னோட்டம் அனுப்புகிறார்கள், அந்தப் படலத்தை எரித்துத் தள்ள அது போதாமல் போகும். ஸ்விட்ச் மேல் 2 கோடி கிளிக், 8 கோடி கிளிக் என்று போட்டிருப்பது ஆய்வகத்தில் குறிப்பிட்ட மின்னோட்டத்தில் இயந்திரம் அழுத்திய கணக்கு, நம் மேஜையில் அது அப்படியே செல்லாது.

ஆப்டிகலில் உலோகம் தொட வேண்டியதே இல்லை. ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளி, மறுபக்கம் அதைப் பார்க்கிற உணரி, பட்டனை அழுத்தினால் ஒளி தடைபடும் அல்லது திறக்கும், அவ்வளவுதான். துள்ளல் கணக்கு கிடையாது, டிபவுன்ஸ் வேண்டாம், அந்த வழியில் டபுள் கிளிக் வர வாய்ப்பில்லை. குறை என்றால் ஆரம்பகால ஆப்டிகல் ஸ்விட்சுகளின் கிளிக் உணர்வு சப்பென்று இருக்கும், நனைந்த அட்டையை அழுத்துகிற மாதிரி. இதில் அப்படி இல்லை, டக்கென்று திட்டமாக இருக்கிறது, ஆனால் சத்தம் அதிகம், பக்கத்தில் யாராவது தூங்கினால் யோசியுங்கள். பட்டன் தகடுகள் மேல்மூடியோடு ஒட்டாமல் தனித்தனியாக இருப்பதால் அழுத்தமும் சீராக இருக்கிறது. பக்க பட்டன்கள் சரியான இடத்தில் இருக்கின்றன, முன்னால் இருப்பது மட்டும் கொஞ்சம் லொடலொட.

வீலுக்கு வருவோம், இங்கேதான் ஆள் எழுந்து போய்விட்டார். படிகள் தெளிவாக இல்லை. ஆயுதம் மாற்ற வீலை உருட்டுகிறவர்கள் ஒரு படி உருட்ட நினைத்து இரண்டு படி போவார்கள். நடுக்கிளிக்குக்கு அவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது, அழுத்தும்போது வீல் உருண்டும் விடுகிறது, குண்டு வீச நடுக்கிளிக்கை வைத்திருந்த நான் அதை வேறு பட்டனுக்கு மாற்றிவிட்டேன். உள்ளே வீல் உருள்வதை எண்ணுகிற என்கோடர் என்கிற சின்னப் பாகத்தைக் கொஞ்சம் நல்லதாகப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. மலிவான மெக்கானிக்கல் என்கோடர் தூசி பட்டுத் தேய்ந்தால் கீழே உருட்டும்போது பக்கம் மேலே குதிக்கும், அந்தக் கட்டம் இதற்கு எப்போது வரும் என்று பார்க்க வேண்டும்.

வயர்லெஸில் புகார் இல்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபை, புளூடூத் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, போதாததற்கு யுஎஸ்பி 3.0 போர்ட்டே அந்த வரிசையில் இரைச்சலை எழுப்பும் என்று இன்டெல் 2012லேயே அறிக்கை வெளியிட்டது. அதனால் மௌஸின் சிக்னலை வாங்குகிற ரிசீவரைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகிவிட்டு மௌஸ் திணறுகிறது என்று திட்டுவது நியாயமில்லை. இவர்கள் ரிசீவரை மேஜை மேல் மௌஸுக்குப் பக்கத்திலேயே வைக்க ஒரு நீட்டிப்புக் கேபிளும் சின்னத் தாங்கியும் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் மௌஸில் டைப்-சி துளையை உள்ளே அமுக்கி, சுற்றிலும் ஒரு விசித்திர வடிவத்தில் வெட்டி வைத்ததால் அவர்கள் கேபிள் மட்டும்தான் நுழைகிறது. கையில் இருக்கிற மற்ற டைப்-சி கேபிள்களின் தலை இடிக்கிறது. இதற்கு யார் சம்மதித்தார்கள்?

மென்பொருள். டிபிஐ மாற்ற, பட்டன் மாற்ற ஒரு சின்ன ஜன்னல் போதும். இதற்கு ஒரு பெரிய நிரலை நிறுவ வேண்டும், கணக்கு தொடங்கச் சொல்கிறது, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாகக் கிளம்பி உட்கார்ந்துகொள்கிறது, நடுநடுவே புது விளக்கு நிறங்களை விளம்பரம் செய்கிறது, இத்தனைக்கும் இந்த மௌஸில் விளக்கே கிடையாது. இப்போது பல கம்பெனிகள் பிரவுசரிலேயே அமைப்புகளை மாற்றிவிட வழி செய்துவிட்டன, இவர்களால் ஏன் முடியவில்லை என்று புரியவில்லை. ஒரே ஆறுதல், அமைப்புகள் மௌஸின் நினைவகத்திலேயே பதிந்துவிடுகின்றன. ஒரு தடவை நிறுவி, வேண்டியதை மாற்றி, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, உடனே நீக்கிவிடுங்கள்.

அடியில் பிடிஎஃப்இ என்கிற வழுக்கும் பிளாஸ்டிக்கில் செய்த ஃபீட், அதாவது பேடில் உரசுகிற கால்கள், ஓரங்கள் உருட்டப்பட்டிருக்கின்றன, துணி பேடில் கீறாமல் வழுக்குகிறது. மேல்பூச்சு சொரசொரப்பாக இருக்கிறது, உலர்ந்த கைக்கு வழுக்கும், லேசாக வியர்க்கிற கைக்கு நன்றாகப் பிடிக்கும். ரப்பர் பூச்சு போடாததற்கு நன்றி, அது சில வருடத்தில் பிசுபிசுவென்று உருகி ஒட்டும்.

கடைசியாகத் திறந்து பார்த்தேன். திருகாணிகள் ஃபீட்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் திறந்தால் ஃபீட் வீண், மாற்று ஃபீட் ஒரு ஜோடி பெட்டியிலேயே கொடுத்திருப்பதால் பரவாயில்லை. பேட்டரி சின்னக் கனெக்டரில்தான் மாட்டியிருக்கிறது, சால்டர் செய்யவில்லை, அதனால் சில வருடம் கழித்து சார்ஜ் நிற்காமல் போனால் மௌஸைத் தூக்கிப் போடாமல் பேட்டரியை மட்டும் மாற்றலாம். வீல் என்கோடர் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, அதை மாற்றப் பழகிய கை வேண்டும்.

பெரிய கை, பாம் கிரிப், வீலை அதிகம் உபயோகிக்காத ஆள் என்றால் தாராளமாக வாங்கலாம். சின்னக் கைக்காரர்களும் ஃபிங்கர்டிப் ஆட்களும் இதைத் தொட வேண்டாம். என்னைப் போன்ற கிளா கிரிப் ஆட்கள், முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மாலை முழுக்க ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான் சென்சாருக்காகவும் எடைக்காகவும் இப்போதைக்கு இதையே வைத்திருக்கிறேன், இதே உள்பாகங்களோடு மேடு பின்னால் தள்ளிய இன்னொரு மாடல் வந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவேன்.